எங்கள் எம்.பி. எதற்கு வாக்களித்தார்? மலையகத்தவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தல் முடிந்த மறுநாளே கட்சிக்காரர்கள் கணக்குப் பார்த்துவிடுவார்கள். இலங்கை மலையகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்தில், எந்த டிவிஷனில், எந்த வாக்குச் சாவடியில் தங்களுக்கு எத்தனை விழுந்தது, எங்கே குறைந்தது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நாம் போட்ட ஓட்டுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. அவர்கள் பாராளுமன்றத்தில் போடும் ஓட்டுக்கு நம்மிடம் ஒரு வரிகூட இல்லை. எம்.பி. வந்தால் தகரம் கேட்கிறோம், பாதை கேட்கிறோம், கோயிலுக்கு ஒலிபெருக்கி கேட்கிறோம். போன மாதம் எந்தச் சட்டத்துக்கு ஆம் சொன்னீர்கள் என்று கேட்பதில்லை.

அதைக் கேட்பதற்கு வழி இருக்கிறது. பெரிய படிப்பு வேண்டாம். ஒரு போன், ஒரு கொப்பி, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், கூடவே நாலைந்து பேர் இருந்தால் போதும்.

முதலில், எது பதிவாகிறது, எது பதிவாவதில்லை

இது புரியாமல் தொடங்கினால் பாதி வழியில் குழப்பம் வரும். பாராளுமன்றத்தில் பெரும்பாலான விஷயங்கள் குரல் மூலம் முடிகின்றன. சபாநாயகர் கேட்பார், ஒரு பக்கம் ‘ஆம்’ என்றும் மறுபக்கம் ‘இல்லை’ என்றும் சத்தம் வரும், எது அதிகம் என்று அவர் அறிவிப்பார். யார் என்ன சொன்னார் என்பது எங்கும் எழுதப்படாது. உறுப்பினர் ஒருவர் எழுந்து வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டால்தான் மணி அடித்து, இலத்திரனியல் முறையிலோ பெயர் கூப்பிட்டோ வாக்கெடுப்பார்கள். அப்போதுதான் பெயர்ப் பட்டியல் உருவாகும்.

பெயர்ப் பட்டியல் இல்லாத வாக்கின் பலவீனத்தை நாடே 2018 நவம்பரில் பார்த்தது. அந்த மாதம் 14ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கத்துக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கில் நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்தார். மறுதரப்பு அதை ஏற்கவே இல்லை. பெயர் கூப்பிட்டு எண்ணாததால் அந்தச் சண்டை சபைக்குள் மிளகாய்த்தூள் வீசும் வரை போனது.

மலையகத்துக்கு நன்மையாக வந்த சட்டங்களிலும் இதே நிலைதான். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. ‘நான்தான் வாக்களித்து வாங்கிக் கொடுத்தேன்’ என்று அதைப் பற்றி ஒருவர் மேடையில் சொன்னால், அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு பட்டியல் இல்லை. அந்த விவாதத்தில் அவர் என்ன பேசினார் என்பதைத்தான் தேட முடியும்.

மூன்றாவது வகை, இரகசிய வாக்கு. 2022 யூலை 20இல் ஜனாதிபதியைப் பாராளுமன்றமே தெரிவு செய்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அனுரகுமார திசாநாயக்கவுக்கு 3. எங்கள் மாவட்ட உறுப்பினர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதற்கு அவர்களுடைய வாய்ச்சொல்தான் சாட்சி. அந்த வாக்கைக் கொப்பியில் எழுதாதீர்கள்.

ஆக, பெயரோடு கூடிய வாக்கெடுப்புகள் மட்டுமே உறுதியான ஆதாரம். ஆனால் குரல் வாக்கிலும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: ‘அந்தச் சட்டமூலம் பிடிக்கவில்லை என்று இப்போது சொல்கிறீர்களே, அன்று எழுந்து வாக்கெடுப்பு ஏன் கேட்கவில்லை?’ ஒரே ஓர் உறுப்பினர் எழுந்திருந்தால்கூட விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். எதிர்க்கட்சிக்காரர்களிடம் கேட்க இது நல்ல கேள்வி.

யார் யாரைக் கணக்கில் எடுப்பது

நம்மில் பலர் ‘எங்கள் எம்.பி.’ என்றால் தான் விருப்பு வாக்குப் போட்ட ஒருவரை, அல்லது தான் சந்தா கட்டும் தொழிற்சங்கத்தின் தலைவரை மட்டும் நினைக்கிறோம். முறை அப்படி இல்லை. நாங்கள் தொகுதிக்கு ஒருவரைத் தெரிவு செய்வதில்லை, மாவட்டத்துக்குப் பலரைத் தெரிவு செய்கிறோம். 2024 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள், பதுளைக்கு 9, கண்டிக்கு 12, மாத்தளைக்கு 5, இரத்தினபுரிக்கு 11, கேகாலைக்கு 9. நீங்கள் நுவரெலியா மாவட்ட வாக்காளர் என்றால் அந்த 8 பேரும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். தமிழர், சிங்களவர், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும். ‘நம்ம ஆள்’ ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற 7 பேரை விட்டுவிடுவது அவர்களுக்கு வசதி, நமக்கு நட்டம்.

தேசியப் பட்டியலில் வருகிற 29 பேரில் மலையகத்தின் பெயரைச் சொல்லி இடம் பெற்றவர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் வந்தவருக்கு மாவட்ட வாக்காளர் என்று யாரும் கிடையாது, அதனாலேயே அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எதைத் தேடுவது

எல்லா வாக்கையும் பின்தொடர முடியாது, தேவையும் இல்லை. வருடத்துக்கு ஐந்தாறு போதும். வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பும் (பொது விவாதத்தின் முடிவில் வரும் வாக்கு) மூன்றாம் வாசிப்பும் (கடைசி வாக்கு) கட்டாயம். அரசியலமைப்புத் திருத்தம் எது வந்தாலும் கட்டாயம். நம்பிக்கையில்லாப் பிரேரணைகள் அடுத்து. அதன் பிறகு காணி, வீடு, உள்ளூராட்சி, தொழில் சட்டம், மொழி என்று நம் வாழ்க்கையைத் தொடும் சட்டமூலங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. தோட்டச் சம்பளம் நம்முடைய முதல் கவலை, ஆனால் அதைப் பாராளுமன்ற வாக்குகளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முன்பு அது தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது, பிறகு சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. 2021இல் 1,000 ரூபா வந்தது அப்படித்தான். அதனால் ‘சம்பள உயர்வுக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் வாக்களித்தார்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால், எந்த நாள், எந்தப் பிரேரணை என்று உடனே கேளுங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் சற்று வித்தியாசம் உண்டு. நாளாந்தச் சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபா ஆகும், அதற்கு மேல் வருகைக்கான ஊக்கத்தொகையாக 200 ரூபாவை அரசாங்கம் தரும், மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். அந்த 200 ரூபா அரசாங்கப் பணம். அரசாங்கப் பணம் என்றால் அது வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமாக்கும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்துக்குள் வருகிறது, அதற்கு வாக்கு உண்டு. கம்பனி தரும் பகுதிக்கு வாக்கு இல்லை. இந்தப் பிரிவினை தெரிந்து கேட்டால் எம்.பி.யால் சுற்றி வளைக்க முடியாது.

இன்னொன்று, சட்டத்தின் பெயரையும் எந்தக் கட்டம் என்பதையும் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்து விஷயத்திலேயே இந்தக் குழப்பம் இன்றுவரை ஓடுகிறது. ‘பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்துக்கு யார் கை தூக்கினார்’ என்று மேடைகளில் சண்டை பிடிக்கிறார்கள். அங்கே இருப்பது ஒரு சட்டம் இல்லை, மூன்று: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே ஆண்டில் வாக்குரிமையைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டம். மூன்றுக்கும் வெவ்வேறு நாளில் வாக்கெடுப்பு. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 7 ஆசனங்கள் வாங்கித் தந்த சனம், அதற்கடுத்த தேர்தலில் ஓட்டே இல்லாமல் நின்றதற்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் காரணம். ஒன்றுக்கு எதிராக வாக்களித்தவர் இன்னொன்றுக்கு ஆதரவாக வாக்களித்திருக்க முடியும். எந்தச் சட்டம் என்று சொல்லாமல் ‘துரோகி’ என்பதும் தவறு, ‘காவலர்’ என்பதும் தவறு.

ஹன்சாட்டைத் திறப்பது

பாராளுமன்றத்தில் பேசியது, வாக்களித்தது எல்லாம் ‘ஹன்சாட்’ எனப்படும் அதிகார அறிக்கையில் இருக்கும். பாராளுமன்ற இணையதளத்துக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. அங்கே ஹன்சாட் பகுதிக்குப் போய்த் திகதியைத் தெரிவு செய்தால் பி.டி.எஃப். இறங்கும். முதலில் வருவது திருத்தப்படாத பிரதி, பின்னர் திருத்திய பிரதி வரும். அவசரத்துக்கு முதல் பிரதியைப் பார்க்கலாம், ஆனால் வெளியே பகிரும் முன் திருத்திய பிரதியோடு ஒப்பிடுங்கள்.

திகதி தெரியாவிட்டால்? பத்திரிகைச் செய்தியிலிருந்து பிடிக்கலாம். ‘நிறைவேறியது’ என்று எந்த நாள் செய்தி வந்ததோ, அதற்கு முந்திய அமர்வு நாளைப் பாருங்கள். பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தில் இரண்டு வாரங்கள்தான் கூடும், அதுவும் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை. ஆகவே தேட வேண்டிய நாட்கள் அதிகம் இல்லை.

வாக்கெடுப்பு பொதுவாக விவாதத்தின் கடைசியில், மாலை ஐந்து மணியை ஒட்டி நடக்கும். அதனால் பி.டி.எஃபின் முதல் நூறு பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆதரவாக இத்தனை, எதிராக இத்தனை என்ற எண்ணும் பெயர்களும் சேர்ந்து இருக்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. பேச்சுகள் பேசிய மொழியிலேயே அச்சாகும். தமிழில் பேசியது தமிழில், சிங்களத்தில் பேசியது சிங்களத்தில். முன்பே சொன்ன சிங்களம் தெரிந்த ஆள் இங்கேதான் தேவை. பக்கத்து கிராமத்துச் சிங்கள நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதே எம்.பி. அவருக்கும் எம்.பி.தானே. தேடல் பெட்டியில் பெயரை அடித்துச் சிக்கவில்லை என்றால் பெயர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்துரு காரணமாகச் சிக்காமல் போகலாம். கண்ணால் பார்த்துப் பெயர் பெயராகச் சரிபாருங்கள்.

பட்டியலோடு நின்றுவிடவும் கூடாது. இரண்டு பக்கம் முன்னும் பின்னும் வாசியுங்கள். கருவி வேலை செய்யவில்லை என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லித் தன் வாக்கைச் சேர்க்கச் சொல்லியிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் ‘வாக்களிக்கவில்லை’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

வேறு உதவிகளும் உண்டு. வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்தும் ‘மந்திரி.எல்கே’ தளம் ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களின் பங்களிப்பை வரிசைப்படுத்துகிறது. எவ்வளவு பேசினார் என்பதற்கு அது நல்ல அளவு. நன்றாகப் பேசிவிட்டு வாக்கு நேரத்தில் காணாமல் போகிறவரைப் பிடிக்க அது மட்டும் போதாது.

கொப்பியில் எழுதுவது

ஒரு சி.ஆர். கொப்பி போதும். எக்செல் தெரிந்தவர்கள் போனிலேயே செய்யலாம். பக்கத்துக்கு ஒரு வாக்கெடுப்பு. மேலே திகதி, சட்டமூலத்தின் முழுப் பெயர், எந்த வாசிப்பு, மொத்த முடிவு, ஹன்சாட் பக்க எண். கீழே மாவட்டத்தின் எல்லா உறுப்பினர் பெயரும் வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கில் ஒன்று: ஆதரவு, எதிர்ப்பு, சபையில் இருந்துகொண்டே வாக்களிக்காமல் விலகல், பட்டியலில் பெயர் இல்லை.

கடைசி இரண்டையும் கலக்கக் கூடாது. விலகியிருப்பது ஒரு நிலைப்பாடு, பெரும்பாலும் எழுந்து காரணம் சொல்வார்கள். பட்டியலில் பெயரே இல்லாதது வேறு. சுகயீனமாக இருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், தேநீர்ச்சாலையில் உட்கார்ந்திருக்கலாம். நமக்குத் தெரியாது. அதனால் ‘ஓடி ஒளிந்தார்’ என்று எழுதாமல் ‘பெயர் இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். காரணத்தை அவரே சொல்லட்டும்.

அப்புறம் ஒரு சிறு பகுதி, ‘அவர் சொன்ன காரணம்’ என்று. அதே நாள் அவர் பேசியிருந்தால் அதிலிருந்து இரண்டு வரி. இதை விட்டுவிட்டால் கொப்பி வெறும் குற்றப்பத்திரிகையாகிவிடும்.

வராமல் இருப்பவர்கள்

என் கணிப்பில் மலையக அரசியலில் அதிகம் பயன்படும் வாக்கு, போடாத வாக்குத்தான். அரசாங்கத்தையும் பகைக்க வேண்டாம், மக்களிடமும் ஏச்சு வாங்க வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் சபையில் இல்லாமல் இருப்பது சுலபம். மலையகத்தில் மட்டும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. 2018 ஏப்ரல் 4இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு ஆதரவாக 76, எதிராக 122, சமுகமளிக்காதவர்கள் 26. அந்த 26 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

அரசியலமைப்புத் திருத்தத்தில் வராமல் இருப்பதற்கு அர்த்தம் இன்னும் கூடுதல். சாதாரணச் சட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர் 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வேண்டும். வராதவரும் அந்த 225இல் ஒருவர். எனவே வராமல் இருப்பது நடைமுறையில் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். ‘நான் எதிர்க்கவில்லையே, அன்று இல்லை அவ்வளவுதான்’ என்ற பதில் அங்கே செல்லாது.

கொழுந்தின் கிலோ குறைந்தால் நமக்கு ‘அரைப் பேர்’, அதாவது அரை நாள் சம்பளம், போடுகிறார்கள். அந்தக் கணக்கை இவர்களுக்கும் போட்டுப் பார்த்தால் சிலருக்கு மாதம் எத்தனை நாள் ‘பேர்’ தேறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கின் எடை

எடை தெரியாமல் எல்லா வாக்குக்கும் ஒரே மாதிரிக் கோபப்படுவதில் பயன் இல்லை. 2020 ஒக்டோபர் 22இல், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டிய 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆதரவளித்தவர்களில் 8 பேர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கழித்துப் பாருங்கள், 148. வேண்டியது 150. அந்த எட்டுப் பேரில் ஒருவர் பதுளை மாவட்டத்திலிருந்து ஐக்கிய மக்கள் சக்தியில் தெரிவான, மலையகக் கட்சிகள் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியின் அ. அரவிந்தகுமார். கூட்டணி எதிர்த்து நின்ற இடத்தில் அவர் ஆதரவளித்தார். நாட்டின் அரசியலமைப்பை மாற்றிய அந்த எட்டில் ஒன்று நம்முடைய மலையிலிருந்து போனது என்பது பதுளைக் கொப்பியில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். சரியா பிழையா என்பது வேறு விவாதம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆளும் கட்சிக்கு 159 ஆசனங்கள் இருக்கும் இப்போதைய சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் வாக்கு முடிவை மாற்றாது. அங்கே வாக்கைவிடக் குழுக்களில் என்ன செய்கிறார், என்ன திருத்தம் கொண்டுவருகிறார் என்பதுதான் பெரிது. ஆளும் கட்சி உறுப்பினரிடம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். அவர் கட்சிக் கொறடா சொன்னபடிதான் போடுவார், மாறிப் போட்டால் கட்சி நீக்கலாம். அரசியலமைப்பின் 99(13) பிரகாரம் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவரின் ஆசனமும் போகலாம், உயர் நீதிமன்றம் போய் ஒரு மாதத்துக்குள் சவால் செய்யலாம். இது வெறும் மிரட்டல் இல்லை. 2024 ஓகஸ்டில் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் ஆசனத்தை இழந்தது இந்த வழியில்தான். ஆகவே அவரிடம் ‘ஏன் ஆதரவளித்தீர்கள்’ என்பதைவிட, ‘வாக்கெடுப்புக்கு முன் கட்சிக் கூட்டத்தில் தோட்டப்புறத்துக்காக என்ன கேட்டீர்கள்’ என்பது பயனுள்ள கேள்வி.

வரவு செலவுத் திட்டத்தை அமைச்சு அமைச்சாக எடுத்துப் பேசும் குழுநிலை விவாதத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒவ்வோர் அமைச்சின் செலவுத் தலைப்பையும் 10 ரூபாவால் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் பிரேரிப்பார். விவாதத்தைத் தொடங்கி வைக்கும் பழைய சம்பிரதாயம் அது. பெருந்தோட்ட அமைச்சின் பணத்தைக் குறைக்கச் சொன்னார் என்று யாராவது அதை வெட்டி ஒட்டிப் போட்டால் ஏமாற வேண்டாம்.

கேட்கும் முறை

முதலில் கடிதம். நேரில் கேட்டதற்குச் சாட்சி இல்லை, கடிதத்துக்கு உண்டு. தனியாக எழுதாதீர்கள். பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடாமல் பின்னால் நின்று உதவுவது நல்லது. வீட்டுக் காணி, சிபாரிசுக் கடிதம் என்று எம்.பி.யிடம் காத்துக் கிடப்பவர்களையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்தப் பயம் நியாயமானது. கடிதம் இப்படி இருக்கலாம்:

‘கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

நாங்கள் நுவரெலியா மாவட்டத்தில் ……… தோட்டத்தில் வசிக்கும் வாக்காளர்கள். ……… திகதி நடைபெற்ற ……… சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில், ஹன்சாட்டின் ……… ஆம் பக்கத்தில் உள்ள ஆதரவு, எதிர்ப்புப் பட்டியல்கள் இரண்டிலும் தங்கள் பெயரைக் காணவில்லை. அன்று தாங்கள் சபையில் இருந்தீர்களா? வாக்களிக்காமைக்குக் காரணம் என்ன? இதே சட்டமூலம் மூன்றாம் வாசிப்புக்கு வரும்போது தங்கள் நிலைப்பாடு என்ன?

தங்கள் பதிலை எங்கள் தோட்ட மக்களுக்கு வாசித்துக் காட்ட உள்ளோம். ……… திகதிக்கு முன் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

அவ்வளவுதான். பாதை, குடிநீர், மின்விளக்கு எதையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் பதில் அதற்குத்தான் வரும், வாக்கைப் பற்றிய கேள்வி அப்படியே கிடக்கும்.

பதில் வராவிட்டால் நேரில். திருவிழா மேடையில் மாலை போட்டு நிற்கும்போது கேட்டால் அவமானப்படுத்தியதாகிவிடும், பக்கத்தில் நிற்பவர்கள் உங்களைத் தள்ளிவிடுவார்கள். அவர் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது தோட்டத் தலைவர் மூலம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் வர வேண்டும் என்றால் ஞாயிறுதான் சரி. பேசுபவராக ஒரு பெண்ணை வைப்பது நல்லது, காரணம் சங்கத்துச் சந்தாவில் பெரும்பங்கு அவர்களுடையது. மரியாதை குறையாமல், கேள்வியும் குறையாமல் பேச வேண்டும். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

‘ஐயா, பட்ஜெட் கடைசி ஓட்டுல ஒங்க பேரு இல்லீங்களே, அன்னிக்கு எங்க இருந்தீங்க?’

‘நான் எப்பவும் நம்ம சனத்து பக்கந்தான் தங்கச்சி. அதுல ஒனக்கு என்ன சந்தேகம்?’

‘சந்தேகம் இல்லீங்க ஐயா. அன்னிக்கு ஓட்டு போட்டீங்களா, போடலீங்களா? அத மட்டும் சொல்லுங்க.’

இரண்டாவது முறையும் அதே கேள்வி. அவர் தாத்தா காலத்துச் சேவையைச் சொல்வார், எதிர்க்கட்சியைத் திட்டுவார், ‘யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது’ என்று கேட்பார். ஹன்சாட் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நியாயமான காரணம் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, மறக்காமல் தோட்டத்திலும் சொல்லுங்கள். நல்ல பதில் தருபவருக்கு நல்ல பெயர் கிடைக்காவிட்டால் அடுத்த முறை யார் பதில் தருவார்?

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தெரிவான உறுப்பினரை இடையில் திருப்பி அழைக்கும் உரிமை இலங்கை வாக்காளருக்கு இல்லை. அதனால் ‘பதவியைப் பறிப்போம்’ என்று வெற்று மிரட்டல் விடாதீர்கள். நம் கையில் இருப்பது மூன்று விருப்பு வாக்குகளும் எழுதி வைத்த கொப்பியும்தான். அது அவர்களுக்கும் தெரியும்.

தகவல் அறியும் உரிமை

ஹன்சாட்டில் இல்லாதவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எத்தனை அமர்வுகளுக்குச் சமுகமளித்தார், எந்தெந்தக் குழுக்களில் உறுப்பினர், அவற்றுக்கு எத்தனை முறை போனார் என்று பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதிலும் திருப்தி இல்லாவிட்டால் ஆணைக்குழு.

பாராளுமன்றத்துக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொத்து விபரம் சமர்ப்பித்த உறுப்பினர்களின் பட்டியலைத் தர வேண்டும் என்று ஆணைக்குழு பாராளுமன்றத்துக்கு உத்தரவிட்டது, மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2023இல் அதை உறுதி செய்தது. கேள்வியைச் சிறிதாகக் கேட்பதுதான் தந்திரம். ‘எம்.பி.யின் செயற்பாடுகள் பற்றிய முழு விபரம்’ என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு விஷயம்.

வெளியே சொல்லும்போது

கொப்பி அலுமாரியில் கிடந்தால் பயன் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போடலாம், வாசிகசாலைச் சுவரில் ஒட்டலாம், முகநூலில் போடலாம். போடுவதற்கு முன் கவனம். பாராளுமன்ற நடவடிக்கையை வேண்டுமென்றே திரித்து வெளியிடுவது 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டத்தின் கீழ்க் குற்றம். இணையத்தில் போடும் பொய்யான கூற்றுகளுக்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டமே 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்று வாக்கெடுப்பில் வந்ததுதான். உங்கள் மாவட்டத்தில் அப்போது இருந்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சியாக இருக்கும்.

அதனால் திகதி, சட்டமூலத்தின் பெயர், பக்க எண், பக்கத்தின் படம், இந்த நான்கும் இல்லாமல் எதையும் பகிர வேண்டாம். ‘காசு வாங்கிக்கொண்டு போட்டார்’ என்று ஊகம் எழுத வேண்டாம், உண்மை என்று மனதில் பட்டாலும்கூட. எல்லா உறுப்பினர் பெயரையும் ஒரே படத்தில் போடுங்கள். ஒரு கட்சிக்காரரை மட்டும் போட்டால் மறுநாளே உங்களுக்கு எதிர்க்கட்சி முத்திரை குத்திவிடுவார்கள், அதன் பிறகு நீங்கள் சொல்வது எடுபடாது.

பிரதேச சபையையும் விடாதீர்கள்

மத்திய, ஊவா மாகாண சபைகளுக்குத் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் வருடங்கள் ஆகிவிட்டன. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தது. அங்கே கணக்கெடுக்க வாக்கே கிடையாது. ஆனால் பிரதேச சபைகள் 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு இயங்குகின்றன. தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணம் வருவதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. எனவே ‘தோட்டப் பாதை எங்கள் வேலை இல்லை’ என்ற பழைய பதில் இப்போது பொருந்தாது. சபையின் பட்ஜெட் வாக்கெடுப்பு வருட இறுதியில் நடக்கும். கூட்டத்தைப் போய்ப் பார்க்கலாம், கூட்ட அறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். பாராளுமன்ற வாக்குகளைப் பின்தொடர்ந்து பழகாதவர்கள் இங்கே பழகிக்கொண்டு மேலே போகலாம். சபை உறுப்பினர் பக்கத்து லயத்துக்காரராக இருப்பார் என்பதால் கேட்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும், பதில் மட்டும் சீக்கிரம் வரும்.

வருடக் கணக்கு

வேலையைப் பிரித்துக்கொண்டால் சுமை இல்லை. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும். இரண்டாம் வாசிப்பு வாக்கு அதே மாதம், குழுநிலை முடிந்து மூன்றாம் வாசிப்பு வாக்கு டிசம்பரில். இந்த இரண்டு மாதமும் ஒருவர் ஹன்சாட்டைப் பார்க்கட்டும், ஒருவர் கொப்பி எழுதட்டும். இரண்டாம் வாசிப்பு முடிந்த வாரமே கடிதம் போக வேண்டும், மூன்றாம் வாசிப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதுதான் அவர் யோசிப்பார். ஜனவரியில், தைப்பொங்கலுக்கு வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது, கோயில் மண்டபத்தில் கூடிக் கொப்பியை வாசியுங்கள். வந்த பதில்களையும் வாசியுங்கள், வராத பதில்களையும் பெயர் சொல்லி வாசியுங்கள். பிறகு அந்த வருடத்தில் கவனிக்க வேண்டிய சட்டமூலங்கள் எவை என்று பேசி, அடுத்த வருடத்துக்குக் கொப்பி யார் கையில் என்று தீர்மானியுங்கள். ஒரே ஆளிடம் வருடக்கணக்காக இருக்க வேண்டாம். அந்த ஆளை அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் ஏதாவது ஒரு கட்சி கூட்டிக்கொண்டு போய்விடும்.